திம்மண்ணா லாரிக்கு ஃபேன் மாற்றிய கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வாருங்கள் என்று ஒர்க்ஷாப்பில் கூப்பிட்டார்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பொன்னாடை கொண்டுவந்தால் அதை வைத்தே லாரிக் கண்ணாடியைத் துடைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் அக்கா என்றார்கள். எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ரிலே எங்கே வைப்பது, எந்த இடத்துக்கு எவ்வளவு தடித்த வயர் போடுவது, இதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. இல்லாவிட்டால் செல்போனில் வீடியோ இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கிற கையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் காதைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரே நாளில் மூன்றிலும் திட்டு வாங்கி வளர்ந்தவள். ஓசூர்ப் பக்கம் இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்கும் மூன்றும் தெரியும். லாரிகளுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் வெகுகாலம் லைனில் நின்றேன். அங்கிருந்து இந்த ஒர்க்ஷாப்புக்கு வந்து எலக்ட்ரிகல் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். நான் வந்த புதிதில் வண்டியை விட வந்த டிரைவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “மெக்கானிக் யாரும் இல்லையாம்மா?” என்று கேட்பார்கள். “இருக்கேனே, கண்ணு தெரியலையா?” என்பேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள். அப்புறம் என்னை விட்டால் வேறு யாரையும் வயரில் கை வைக்க விடமாட்டார்கள்.

அப்படிப் பழகிய ஒருவர்தான் திம்மராயப்பா. எங்களுக்குத் திம்மண்ணா. ஜவளகிரிக்காரர், வீட்டில் கன்னடம். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாழ்க்கையில் பெரும்பகுதி அடுத்தவர் லாரியை ஓட்டிவிட்டு, தலை நரைத்த பிறகு சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கியிருந்தார். தளிப் பக்கத் தோட்டங்களில் கோஸ், பீன்ஸ் ஏற்றி, ஜவளகிரிக் காட்டைத் தாண்டிக் கர்நாடகச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார். அந்த வண்டியை அவர் கவனித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்க்காமல் தன் வாயில் காபி வைக்கமாட்டார். “அதுக்கு மொதல்ல, எனக்கு அப்புறம்” என்பார்.

அவருடைய வண்டியில் இருந்தது பழைய மாதிரி ஃபேன். இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும், தேவை இருக்கிறதோ இல்லையோ. குளிர்காலத்தில் தளிப் பனியிலும் சுற்றிக்கொண்டே இருக்கும், மேட்டில் ஏறும்போது இன்ஜினின் பலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். “அக்கா, லோடை இழுக்கறதா, ஃபேனை இழுக்கறதா? மேடு வந்தா வண்டி அழுவுது” என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்போதுதான் எங்கள் ஒர்க்ஷாப்பில், அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் ஃபேன் மாட்டும் வேலையை ஆரம்பித்திருந்தோம். சூடு ஏறினால் மட்டும் தானாக ஓடும், ஆறினால் நின்றுவிடும். சின்ன வண்டிகளுக்கு மாட்டி நல்ல பேர் வாங்கியிருந்தோம். மலைப்பாதையில் லோடு அடிக்கும் லாரிக்கு யாரும் துணியவில்லை.

திம்மண்ணா துணிந்தார். எங்களை நம்பித் துணிந்தார். அவர் கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? “என்ன திம்மா, லாரிக்கு டேபிள் ஃபேன் வச்சிருக்கியாமே, கூடவே ஒரு கட்டிலும் போட்டுக்க” என்று டீக்கடையில் ஓட்டினார்கள். அவர் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். “அக்கா, நீங்க சொன்னா சரி. ஆனா ஒண்ணு நெனப்புல வச்சுக்கங்க. இந்த இன்ஜின் போச்சுன்னா, இந்த வயசுல நான் மறுபடி அடுத்தவன் சாவிக்குக் கை நீட்டணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஃபேன் மாட்டினோம். நன்றாகச் சுற்றியது. முற்றத்திலேயே வெகுநேரம் இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தோம், சூட்டு முள் நடுவில் நின்றது, அசையவில்லை. மெக்கானிக் சேகர் கைதட்டினார். இவர் சேலத்துக்காரர், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லிவிடுவார், ஆனால் மனிதர்கள் பேசினால் பாதியில் பதில் சொல்லிவிடுவார். திம்மண்ணா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொருத்தியையும் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஸ்டோரில் செல்வி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், ஓசூருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒரு குறும்பு உண்டு, யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். முதலாளி இருமுவது, சேகர் போனில் கத்துவது, நான் திட்டுவது எல்லாம் அவளிடம் உண்டு. ஒருநாள் கேன்டீனுக்குள் நுழைகிறேன், உள்ளே என் குரலே கேட்கிறது, “இது வயரா, வடகமா? இப்பிடியா தொங்க விடுவ?” என்று. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அன்றைக்கு நன்றாக டோஸ் விட்டேன். வேலை நேரத்தில் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அந்தக் கூத்துதான் பின்னால் ஒரு லாரியைக் காப்பாற்றியது, பாருங்கள்.

திம்மண்ணா வண்டிக்கு ஃபேன் மாட்டிய மறுநாள், காலை வெயில் ஏறிய நேரம். ஸ்டோர் போனைக் கையில் பிடித்தபடி செல்வி ஓடிவந்தாள்.

“அக்கா, திம்மண்ணா பேசினாரு. வண்டி ரொம்பச் சூடாகுதாம். தண்ணி காலியாம், முந்தியே ஓடிடுச்சாம். பேசிட்டிருக்கும்போதே கட் ஆயிடுச்சுக்கா.”

“எங்க இருக்காராம்?” என்று கேட்டேன்.

“ஜவளகிரி தாண்டி, காட்டு மேட்டுலனு சொன்னாரு.”

சேகர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ஹோஸ் லீக்குங்க்கா, வேற என்ன? கேன்ல தண்ணி இருக்கும், ஊத்திக்கிட்டு மெதுவா மேட்டை ஏறிடச் சொல்லு செல்வி. அங்க மட்டும் நிக்கக் கூடாது, கோஸ் லோடுங்க்கா, ஆனை வாசம் புடிச்சா வுடாது.”

சேகர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அந்த இடத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அது காட்டை ஒட்டிய பாதை, யானை கடக்கும் இடம். கோஸ் ஏற்றிய லாரியை அங்கே நிறுத்திவைப்பது, விருந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பது மாதிரி. செல்வி நம்பரை அழுத்தப் போனாள்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. தான் காபி குடிக்கும் முன் ரேடியேட்டரைத் திறந்து பார்க்கிற மனிதர், தண்ணீர் முந்தியே ஓடிப்போன வண்டியையா மேட்டில் ஏற்றுவார்? தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளத் தெரியாதா அவருக்கு? அதற்கா எங்களுக்குப் போன் போடுவார்? அவர் கேட்பது தண்ணீரைப் பற்றியே இல்லை என்று தோன்றியது.

“இருடி. போன் போடாத,” என்றேன். “அவரு தண்ணினு சொன்னாரா?”

செல்வி யோசித்தாள். “இல்லக்கா. தண்ணினு நாந்தான்... காலினு சொன்னாரு, அதான்.”

“நீ என்ன புரிஞ்சுக்கிட்டேனு எனக்கு வேணாம். அவரு வாயில என்ன வந்துச்சோ அப்பிடியே சொல்லு. என்னை மாதிரிப் பேசிக் காட்டுவியே, அது மாதிரி அவரை மாதிரிப் பேசு.”

பாவம், நான் திட்டுகிறேன் என்று நினைத்து அவள் முகம் சுருங்கியது. “திட்டலடி, நெஜமாத்தான் கேக்கறேன், பேசு” என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவள் வாயிலிருந்து திம்மண்ணா பேசினார். அதே கரகரப்பு, அதே மூச்சிரைப்பு.

“அக்கா... காளி முந்தக்கெ ஒடீதைத்தெ அக்கா... சிவா, சிவா!”

எனக்குப் புரிந்துவிட்டது.

கன்னடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னடத்தில் காற்றுக்குக் காளி என்று பெயர். ‘கங்கை’ என்று சொல்லும்போது முதல் எழுத்து எப்படி வருகிறதோ, அந்த அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். முந்தக்கெ என்றால் முன்பக்கமாக. ஒடீதைத்தெ என்றால் அடிக்கிறது. காற்று முன்பக்கமாக அடிக்கிறது என்றுதான் அந்த மனிதர் கத்தியிருக்கிறார். இரைச்சலில் காளி செல்விக்குக் காலி ஆகிவிட்டது, முந்தக்கெ முந்தியே ஆகிவிட்டது, ஒடீதைத்தெ ஓடிடுச்சு ஆகிவிட்டது. மூன்று வார்த்தையும் இப்படி ஒன்று சேர்ந்து காலை வாரிவிட்டால் அவள்தான் என்ன செய்வாள்? நான் கன்னடம் தெரியாதவளாக இருந்தால் எனக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

காற்று முன்பக்கமாக அடித்தால் என்ன அர்த்தம்? ஃபேன் திருப்பிச் சுற்றுகிறது. வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. நின்ற இடத்தில் அது தெரியாது, எந்தப் பக்கம் ஓடினாலும் ஏதோ கொஞ்சம் காற்று ரேடியேட்டரில் பட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் எங்கள் முற்றத்தில் முள் அசையவில்லை. வண்டி ஓடும்போதுதான் வம்பு. எதிரே வரும் காற்று உள்ளே நுழையப் பார்க்கும், ஃபேன் அதை வாசலிலேயே பிடித்துத் தள்ளும். இரண்டும் மல்லுக்கட்டும், ரேடியேட்டருக்கு ஒன்றும் கிடைக்காது. ஃபேனை நிறுத்திவிட்டால் அந்த எதிர்க்காற்றாவது உள்ளே போகும். மோட்டாரில் வயர் நிறம் வழக்கத்துக்கு மாறாக வந்திருந்ததால் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று பிறகுதான் தெரிந்தது. அது சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினோமே தவிர, எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

“சேகர், அவரை மேட்டை ஏறச் சொல்லக் கூடாது. ஏறினா இன்ஜின் ஜாம். ஃபேன் ஃபியூஸைப் புடுங்கிட்டு, வண்டியத் திருப்பிக்கிட்டு இறக்கத்துல ஜவளகிரிக்கே வரச் சொல்லணும்,” என்றேன்.

சேகருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னங்க்கா பேசறீங்கோ? சூடாகற வண்டிக்கு ஃபேனை நிறுத்தச் சொல்றீங்களா? ஒரு பொண்ணு மிமிக்ரி பண்ணுச்சுன்னு அதை நம்பி?”

நியாயமான கேள்வி. நான் தப்பாக இருந்தால், அந்த ஃபியூஸைப் பிடுங்கச் சொல்வது இன்ஜினுக்குக் கொள்ளி வைப்பதுதான். அடுத்தவன் சாவிக்குக் கை நீட்டணும் என்று அவர் சொன்ன குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. யோசிக்க நேரமும் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. செல்விக்குப் புரியாத மூன்று வார்த்தையை அவளால் இட்டுக்கட்ட முடியாது. அர்த்தம் தெரியாமல் ஒருத்தி சொன்னது சரியான கன்னடமாக, அதுவும் ஃபேனைப் பற்றியதாக வந்து நிற்கிறது என்றால், அது அவர் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

போனைப் போட்டேன். போகவில்லை. அந்தக் காட்டு மேட்டில் போனுக்கே குழப்பம், ஒரு வளைவில் தமிழ்நாடு, அடுத்த வளைவில் ‘கர்நாடகா உங்களை வரவேற்கிறது’ என்று மெசேஜ் வரும், நடுவில் ஒன்றுமே இருக்காது. மறுபடி போட்டேன். மறுபடி. ஒருவழியாக எடுத்தார். இன்ஜின் அலறுவது கேட்டது.

“ஃபியூஸ் கித்தாக்கண்ணா! ஃபேன் பேட!” என்று கத்தினேன். ஃபியூஸைப் பிடுங்கிப் போடு, ஃபேன் வேண்டாம்.

“ஃபேன் பேடவா?” என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

“பேட! வண்டி திருக்ஸு, இறக்கத்துல ஜவளகிரிக்கு வா!” பாதி கன்னடம், பாதி தமிழ், என் வாய்க்கு எது வந்ததோ அது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை.

ஒர்க்ஷாப் வேனில் நான், சேகர், செல்வி மூன்று பேரும் கிளம்பினோம். செல்வியை நான் கூப்பிடவில்லை, அவளே வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். சாலை ஓரத்தில் ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கொட்டகைகள் வெயிலில் பளபளத்தன, எனக்கு அது எதுவுமே பார்க்கப் பிடிக்கவில்லை. தளி தாண்டியதும் செல்வி மெதுவாகக் கேட்டாள். “அக்கா, நான் தப்பாச் சொல்லியிருந்தா?”

“நீ மொதல்ல சொன்னதுதான் தப்பு. ரெண்டாவது சொன்னது அவரு சொன்னது. வாய மூடிக்கிட்டு வா,” என்றேன். நான் ஆறுதல் சொல்கிற அழகு அவ்வளவுதான். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த சேகர்தான், “பயப்படாத பாப்பா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

ஜவளகிரி ஊருக்குள் நுழைந்தோம். டீக்கடை எதிரே, மரத்தடியில், திம்மண்ணாவின் லாரி நின்றுகொண்டிருந்தது. கேபினை முன்னால் சாய்த்து வைத்திருந்தார். சுற்றி ஒரு கூட்டம். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கையை விரித்தார். உள்ளே ஃபியூஸ். வியர்வையில் நனைந்து கிடந்தது.

“கித்தாக்கிட்டேன் அக்கா,” என்றார்.

சேகர் நேரே போய் ஆயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், ஸ்டார்ட் செய்து காதை வைத்துக் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிமிர்ந்து, “இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவலீங்க்கா” என்றார். நான் அழுதுவிட்டேன். நடுரோட்டில், டீக்கடைக் கூட்டத்துக்கு முன்னால், வெட்கமே இல்லாமல் அழுதேன். வேலையிடத்தில் அழக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வேலை முடிந்த பிறகு அழலாம்.

அப்புறம்தான் கேட்டோம், காற்று திரும்பி அடிப்பது எப்படித் தெரிந்தது என்று. மேட்டில் முள் ஏறவும், ஒரு நிமிஷம் வண்டியை ஓரம் கட்டி, முன்னால் வந்து குனிந்து பார்த்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டு ரேடியேட்டரில் போய் ஒட்டாமல் இவர் முகத்தில் வந்து அடித்திருக்கிறது. “என்னடா இது, காளி முந்தக்கெ வருதேனு அப்பவே போன் போட்டேன்” என்றார்.

“அண்ணா, தமிழ் இவ்வளவு நல்லாப் பேசுறீங்க, எங்கிட்டத் தமிழ்ல சொல்லியிருக்கலாம்ல?” செல்வி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

திம்மண்ணா தலையைச் சொறிந்தார். “பயம் வந்தா தமிழ் எங்கம்மா வருது? வீட்டுப் பாஷைதான் வருது.”

பிள்ளைகளே, இந்தக் கதையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சாதாரண நேரத்தில் எல்லோரும் உங்கள் பாஷையில் பேசுவார்கள். வண்டி சூடாகி, உயிர் தொண்டைக்கு வந்த நேரத்தில் அவரவர் அம்மா பேசிய பாஷைதான் வாயில் வரும். ஓசூரில் போனை எடுக்கிறவர்களுக்கு அது எந்தப் பாஷையாகவும் இருக்கலாம், இப்போது ஒடியாவும் இந்தியும்கூட வருகிறது. புரியாவிட்டால் புரிந்த மாதிரி மாற்றிச் சொல்லாதீர்கள். காதில் விழுந்ததை விழுந்தபடி கொண்டுவந்து கொடுங்கள், புரிகிறவர் யாராவது பக்கத்தில் இருப்பார்.

வயர் இரண்டையும் மாற்றிப் போட்டோம், அவ்வளவுதான் வேலை. சூடு ஏறும்வரை இன்ஜினை ஓட விட்டோம். ஃபேன் ஓட ஆரம்பித்ததும் திம்மண்ணா துண்டை எடுத்து ரேடியேட்டரின் முன்கம்பி மேல் வைத்துக் கையை எடுத்தார். பல்லி மாதிரிப் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் டேபிள் ஃபேன் என்று கிண்டல் செய்த அவருடைய கூட்டாளிகளும் இருந்தார்கள். ஒருவர் சொன்னார், “திம்மா, போதும். பழைய ஃபேனையே மாட்டிக்க. இவங்களை நம்பி காட்டுல நின்னுட்டு...”

அவர் அப்படிச் சொன்னதில் குற்றம் காண முடியாது. திம்மண்ணா சரி என்று தலையாட்டியிருந்தால் நாங்கள் வாயைத் திறந்திருக்க முடியாது. அதோடு லாரிக்கு ஃபேன் மாற்றும் வேலையே எங்கள் ஒர்க்ஷாப்பில் அன்றோடு முடிந்திருக்கும். இந்தப் பக்கத்து டிரைவர்கள் மத்தியில் ஒரு பேச்சு பரவினால் அதைத் திருப்ப யாராலும் முடியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திம்மண்ணா துண்டை உதறித் தோளில் போட்டார். “தப்பு நடந்துச்சு. நான் இல்லேங்கல. ஆனா நான் காட்டுக்குள்ள கத்தினது ஓசூர்ல கேட்டுச்சுல்ல? பாஷை தெரியாத பொண்ணு அதைக் கொட்டாம கொண்டுபோயிக் குடுத்துச்சுல்ல? உனக்கு வண்டி நின்னா யாருடா கேக்கறாங்க?” என்றார். பிறகு கேபினை இறக்கிப் பூட்டி, ஸ்டார்ட் செய்து, அதே கோஸ் லோடோடு, அதே மேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். நாங்கள் அந்த டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது, ஒருவரும் குடிக்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிய பிறகு போன் வந்தது. இந்த முறை சுத்தத் தமிழ்.

“அக்கா, காத்து உள்ள போவுது. முள்ளு அசையல. வீட்டுக்குப் போங்க.”

ஃபேன் மாட்டும் ஷெட்டில் ஆணியில் ஒரு பழைய துண்டு தொங்குகிறதே, அது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டீர்களாம். இதற்குத்தான். எந்த வண்டிக்கு ஃபேன் மாட்டினாலும் துண்டு ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்போம். ‘துண்டு பாத்தாச்சா?’ என்று சேகர் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அவரைப் போலவே செல்வி கத்துவதையும் கேட்டிருப்பீர்கள். அவள் இப்போது கன்னடத்தில் சண்டையே போடுகிறாள்.

அதற்குப் பிறகு திம்மண்ணா எத்தனை டிரைவர்களை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார் என்று கணக்கே வைக்கவில்லை. டேபிள் ஃபேன் என்றவரும் வந்தார், நான் அவரிடம் கட்டில் வேண்டுமா என்று கேட்டேன். இன்று உங்களில் பாதிப் பேர் செய்யும் வேலை அந்த மரத்தடியில், அந்த மனிதர் தலையை ஆட்டாமல் நின்றதால் பிழைத்த வேலை. இதை அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அவர் வந்திருந்தார். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். முன்கண்ணாடிக்கு மேலே, லாரியின் நெற்றியில், மஞ்சள் எழுத்தில் பெரிதாக ‘காளி துணை’ என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் சிவப்பில் சூலம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மனிதர் மூச்சுக்கு மூச்சு சிவா சிவா என்பவர், அம்மன் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

“என்ன அண்ணா, எப்பலேருந்து காளி பக்தி?” என்று கேட்டேன்.

திம்மண்ணா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வது போல் குனிந்தார்.

“அந்தக் காளி இல்ல அக்கா, நம்ம காளி. தமிழ்ல எழுதுடானு பெயின்டர்கிட்ட வார்த்தையை மட்டும் சொன்னேன். சூலம் அவனாப் போட்டது.” பிறகு கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். “ரோட்ல போறவங்க எல்லாரும் கும்பிடறாங்க. நான் என்ன சொல்றது? கும்பிடட்டும்னு விட்டுட்டேன்.”

அந்த லாரி இன்னும் தளி ரோட்டில் ஓடுகிறது. எதிரே வந்தால் நீங்களும் ஒரு கும்பிடு போடுங்கள். நான் போடுகிறேன்.